அரசு வேலையா, கம்பெனியா, சொந்தக் கடையா? மாற்றுத்திறனாளிகள் கணக்குப் போடும்போது விட்டுப்போவது

"அண்ணா, அப்பா குரூப் 4 எழுதச் சொல்கிறார். எனக்கு ஒரு கம்பெனியில் 16,000 ரூபாய்க்கு வேலை வந்திருக்கிறது. மாமாவோ, எதுக்கு இன்னொருத்தரிடம் கைகட்டி நிற்கணும், லோன் போட்டு ஒரு கடை வைத்துத் தருகிறேன் என்கிறார். எதை எடுக்க?"

கேட்டது ஒரு தங்கை. வயது 24, பி.காம். முடித்தவர், இரண்டு காதும் ஏறக்குறைய கேட்காது, எதிரே இருப்பவரின் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். இதே கேள்வியை வேறு வேறு ஆட்கள் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அரைகுறையாகப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கே சலித்துவிட்டது, அதனால் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி: இடது காலில் போலியோ, காலிப்பர் போட்டு நடப்பவன். மூன்றரை வருஷம் தனியார் கம்பெனியில் இருந்தேன், இப்போது ஒரு பொதுத்துறை வங்கியில் எழுத்தர். சொந்தத் தொழில் செய்ததில்லை. அந்தப் பகுதியில் இருப்பதெல்லாம் கூட இருந்து பார்த்ததுதான்.

## எதை வைத்து ஒப்பிடுவது?

சம்பளத்தை முதலில் வைக்காதீர்கள். எல்லோரும் அங்கேதான் தப்பு செய்கிறோம். நான் முதலில் கேட்கும் கேள்வி வேறு: என் உடலால் வரும் கூடுதல் செலவு யார் தலையில் விழுகிறது? 16,000 சம்பளத்தில் போக வர ஆட்டோவுக்கு 4,500 போனால் அது 11,500 ரூபாய் வேலை. பக்கத்து சீட்காரர் டவுன் பஸ்ஸில் வந்துவிடுகிறார். தமிழ்நாட்டில் நமக்கும் 2021லிருந்து டவுன் பஸ் இலவசம்தான், துணைக்கு வருபவருக்கும் சேர்த்து. ஏறுவதுதான் பாடு. காசு மட்டுமல்ல, நேரமும் செலவுதான். கழிவறைக்குப் போய்வர மற்றவருக்கு நாலு நிமிஷம், எனக்குப் பன்னிரண்டு. அந்த எட்டு நிமிஷத்தை வேலை கொடுப்பவர் ஏற்றுக்கொள்கிறாரா, இல்லை நான் மதியச் சாப்பாட்டு நேரத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிறேனா?

இரண்டாவது, உள்ளே நுழைய எத்தனை காலம் ஆகும். மூன்றாவது, ஒரு வசதி கேட்டு மறுத்துவிட்டால் போய் நிற்க ஓர் இடம் இருக்கிறதா. நான்காவது, நாளைக்கு உடம்பு இன்னும் மோசமானால் வேலை தங்குமா. இதைப் பற்றி 24 வயதில் யாரும் யோசிப்பதில்லை. எனக்கு 38, நன்றாக இருக்கும் வலது முழங்கால் இப்போது முணுமுணுக்க ஆரம்பித்திருக்கிறது. ஐந்தாவது, நம்மை வேலை செய்ய விடுவார்களா, அல்லது உட்கார வைத்துச் சம்பளம் கொடுப்பார்களா.

அவசரத்தில் இருப்பவர்களுக்காக ஒரு அட்டவணை, விளக்கம் கீழே.

| | அரசு, பொதுத்துறை | தனியார் | சொந்தத் தொழில் |
|---|---|---|---|
| கூடுதல் செலவு யாருக்கு | ஓரளவு அரசுக்கு | பேசி வாங்கினால் கம்பெனிக்கு, இல்லாவிட்டால் உங்களுக்கு | முழுக்க உங்களுக்கும் வீட்டுக்கும் |
| நுழையும் காலம் | வருஷக்கணக்கு | வாரங்கள், மாதங்கள் | கடன் கிடைப்பதைப் பொறுத்தது |
| மறுத்தால் எங்கே போவது | குறைதீர் அலுவலர், மாற்றுத்திறனாளிகள் ஆணையர், நீதிமன்றம் | ஆணையர் உண்டு, பிடி தளர்வு | போக இடமில்லை |
| உடம்பு மோசமானால் | சட்டப் பாதுகாப்பு உண்டு | கம்பெனியின் மனசு | கடைக்குப் பூட்டு |
| வேலை செய்ய விடுவார்களா | அதிகாரியைப் பொறுத்தது | டீமைப் பொறுத்தது | நீங்களே முதலாளி, வீட்டார் விட்டால் |

## அரசு வேலை

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19 அன்று அமலுக்கு வந்தது. அரசு வேலைகளில் நமக்கான ஒதுக்கீடு அதற்கு முன் இருந்த 1995 சட்டத்தில் 3 சதவீதம், இப்போது 4 சதவீதம். குறைந்தது 40 சதவீதக் குறைபாடு என்று மருத்துவச் சான்று இருக்க வேண்டும். அந்த 4 எப்படிப் பிரிகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பார்வையின்மை, குறைபார்வைக்கு 1. காது கேளாமைக்கு 1. கை கால் இயக்கக் குறைபாடு, பெருமூளை வாதம், குள்ளத்தன்மை, தசைச் சிதைவு, அமில வீச்சுக்கு ஆளானவர்கள், தொழுநோயிலிருந்து குணமானவர்கள் எல்லோருக்கும் சேர்த்து 1. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல குறைபாடுகள் ஒன்றாக இருப்பவர்கள் எல்லோரும் மிச்சமிருக்கும் ஒரே 1ல்.

நூறு இடத்துக்கு ஆள் எடுத்தால் அந்தத் தங்கையின் பிரிவுக்கு ஓர் இடம். மத்திய அரசின் சுழற்சிப் பட்டியலில், அதாவது எந்த இடம் யாருக்கு என்று சொல்லும் வரிசையில், 1, 26, 51, 76 ஆகிய புள்ளிகள் நமக்கு. ஒரு வருஷம் தகுதியான ஆள் கிடைக்காவிட்டால் அந்த இடம் அடுத்த வருஷத்துக்குப் போகும். அப்போதும் ஆள் இல்லையென்றால்தான் வேறு வகைக் குறைபாடு உள்ளவருக்கு மாற்றலாம், அதற்கும் ஆள் இல்லாதபோதுதான் பொதுவில் நிரப்பலாம். அதனால் அறிவிப்பில் ‘பின்னடைவுப் பணியிடங்கள்’ என்று இருந்தால் கண்ணை விரித்துப் பாருங்கள். கூட்டம் குறைவாக இருக்கும் கதவு அது.

அறிவிப்பில் நம் ஆட்கள் படிக்காமல் விடுவது ஒரு பக்கம் இருக்கிறது. எந்தப் பதவிக்கு எந்த வகைக் குறைபாடு பொருந்தும் என்ற அட்டவணை. ‘ஓ.ஏ.’ என்றால் ஒரு கை, ‘ஓ.எல்.’ ஒரு கால், ‘பி.எல்.’ இரு கால். பக்கத்தில் ‘எஸ்’ என்று இருந்தால் உட்கார்ந்து செய்யும் வேலை, ‘எஸ்.டி.’ நின்று, ‘டபிள்யூ’ நடந்து, ‘எச்’ காதால் கேட்டு, ‘எஸ்.இ.’ கண்ணால் பார்த்து. என் நண்பருக்கு இரண்டு காலும் பாதிப்பு. அவர் எழுதிய பதவிக்கு ‘ஓ.எல்.’ மட்டும்தான் போட்டிருந்தார்கள். தேர்வில் பாஸ், மார்க்கும் போதும், சான்றிதழ் சரிபார்ப்பு மேஜையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். விண்ணப்பித்த நாளிலிருந்து அந்த மேஜை வரை பதினான்கு மாதம். அவர் சண்டை போட்டிருக்கலாம், பல பதவிகளின் பட்டியலே தவறு என்று வழக்குப் போட்டு ஜெயித்தவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அவருக்கு அப்போது தெம்பு இல்லை.

சலுகைகள் நிறையத்தான். மத்திய அரசு வேலைகளில் வயது வரம்பில் பொதுப்பிரிவுக்கு 10, ஓ.பி.சி.க்கு 13, எஸ்.சி., எஸ்.டி.க்கு 15 ஆண்டு தளர்வு. தேர்வுக் கட்டணம் பெரும்பாலும் இல்லை. எழுத முடியாதவர்களுக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம், மணிக்கு 20 நிமிஷம் கூடுதல் நேரம். 2021ல் விகாஷ் குமார் வழக்கில், 40 சதவீதம் இருந்தால்தான் எழுத ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று கட்டாயப்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, அவருக்கு இருந்தது எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் கோளாறு. உதவிக்கு வருபவரின் படிப்பு எவ்வளவு இருக்கலாம் என்ற விதி மட்டும் அடிக்கடி மாறுகிறது. போன தேர்வுக்கு வந்த அதே ஆளைக் கூட்டிப்போய் வாசலில் நிற்காதீர்கள், ஒவ்வொரு அறிவிப்பிலும் புதிதாகப் படியுங்கள்.

இதெல்லாம் நுழைவாசல். அரசு வேலையின் உண்மையான பலம் உள்ளே போனபின்தான் தெரியும். சட்டத்தின் 20வது பிரிவு சொல்வது இது: பணியில் இருக்கும்போது ஒருவருக்குக் குறைபாடு ஏற்பட்டால் அவரை வேலையை விட்டு எடுக்கவோ பதவியில் இறக்கவோ கூடாது. பழைய வேலை செய்ய முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை, அதுவும் இல்லாவிட்டால் ஓய்வு வயது வரை உபரிப் பணியிடம் ஒன்றை உருவாக்கியாவது வைத்துக்கொள்ள வேண்டும். என் முணுமுணுக்கும் முழங்காலுக்கு இதைவிடப் பெரிய காப்பீடு கிடையாது. நியாயமான வசதிகளைச் செய்து தருவதும் கட்டாயம், குறைதீர் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது 23வது பிரிவு. பதவி உயர்விலும் ஒதுக்கீடு உண்டு என்று 2020ல் சித்தராஜு வழக்கில் தீர்ப்பு வந்தது.

சரி, மறைந்திருக்கும் விலை என்ன?

முதலில் வருஷங்கள். கோச்சிங் ஃபீஸ் கண்ணுக்குத் தெரியும், டவுனில் ரூம் வாடகை தெரியும், மூன்று வருஷம் சம்பளம் இல்லாமல் போனது மட்டும் எந்தக் கணக்கிலும் வராது. மாதம் 16,000 என்று வைத்தால் அது 5,76,000 ரூபாய். அதோடு 27 வயதில் முன் அனுபவம் எதுவும் இல்லாத ஆளாகத் தனியாரில் போய் நிற்க வேண்டியிருக்கும். அதனால்தான் படிப்பை மட்டும் நம்பி உட்காராதீர்கள் என்கிறேன். மதுரை பூரண சுந்தரி, பார்வையற்றவர், ஒரு வங்கி வேலையில் இருந்துகொண்டே முயன்று 2019 குடிமைப் பணித் தேர்வில் 286வது இடம் பிடித்தார். எல்லோருக்கும் அது முடியும் என்று சொல்ல வரவில்லை, ஆனால் வேலை, தேர்வு இரண்டில் ஒன்றைத்தான் பிடிக்க வேண்டும் என்றும் இல்லை.

அப்புறம் முதல் போஸ்டிங். மாற்றுத்திறனாளிகளைச் சுழற்சி இடமாற்றத்திலிருந்து விலக்கலாம், விரும்பும் இடத்துக்கு முன்னுரிமை தரலாம் என்று மத்திய அரசின் உத்தரவு 2014லேயே இருக்கிறது. ‘லாம்’ என்ற அந்த இரண்டு எழுத்தில் என்னை வீட்டிலிருந்து 140 கிலோமீட்டர் தள்ளிப் போட்டார்கள். கிளை முதல் மாடியில். லிஃப்ட் இல்லை. வாசலில் சரிவுப்பாதை மட்டும் கட்டியிருந்தார்கள், சட்டப்படி சரிவுப்பாதை இருக்கிறதல்லவா, அது நேராக மாடிப்படியின் அடியில் கொண்டுபோய் விட்டது.

அங்கே மேலாளர் நல்ல மனிதர். அதுதான் பிரச்சினையாகப் போயிற்று. "உனக்கு எதுக்குப்பா சிரமம், நீ உட்காரு" என்று இரண்டு மாதம் வவுச்சர் அடுக்கவும் நூல் போட்டுக் கட்டவும் மட்டும் விட்டார். நானே போய், சார், எனக்கு கேஷ் கவுண்டர் கொடுங்கள் என்று கேட்டேன். ஸ்டூல் உயரமாக இருக்குமே என்றார். காலை வைக்க ஒரு பலகை வேண்டும், அவ்வளவுதான் என்றேன். பழைய லெட்ஜர் ஷெல்ஃபிலிருந்து ஒரு பலகையை எடுத்து அட்டெண்டர் அண்ணன் ஆணி அடித்துக் கொடுத்தார். செலவு பூஜ்யம். பலகை வந்த அன்றுதான் அந்தக் கிளையில் நான் வேலைக்குச் சேர்ந்தேன் என்று சொல்லலாம். இப்படி அன்பால் ஓரங்கட்டப்பட்டு, பத்து வருஷமாகத் தபால் பதிவேடு மட்டும் எழுதிக்கொண்டிருப்பவர்களை எனக்குத் தெரியும். பதவி உயர்வு வரும்போது ‘இவருக்கு அனுபவம் இல்லை’ என்று ஒரு வரி எழுதிவிடுவார்கள்.

யாருக்கு இது சரி: குறைபாடு கூடிக்கொண்டே போகக்கூடியவர்களுக்கு, அதாவது தசைச் சிதைவு, மெல்லக் குறையும் பார்வை போன்றவற்றுக்கு, மற்ற எதையும் யோசிக்காமல் முதல் தேர்வு. வீட்டில் இரண்டு மூன்று வருஷம் தாங்குவார்கள் என்றாலும் சரி.

## தனியார் வேலை

தனியாரில் இட ஒதுக்கீடு கிடையாது. 35வது பிரிவில், மொத்த ஊழியர்களில் குறைந்தது 5 சதவீதம் மாற்றுத்திறனாளிகளை வைத்திருக்கும் முதலாளிகளுக்கு அரசு ஊக்கத்தொகை தரலாம் என்று இருக்கிறது. அது அவர்களுக்கான மிட்டாய், நமக்கான உரிமை இல்லை. உரிமை என்று கையில் பிடிக்க இருப்பது 21வது பிரிவு: எல்லா நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ இருந்தால் அதில் என்னென்ன வசதி, எந்தெந்தப் பதவிகள், பயிற்சி, பதவி உயர்வு, சிறப்பு விடுப்பு, உதவிக் கருவி, இதைப் பார்த்துக்கொள்ளும் தொடர்பு அலுவலர் யார் என்பதெல்லாம் இருக்க வேண்டும். இன்டர்வியூவில் கடைசியில் "ஏதாவது கேட்கணுமா?" என்பார்களே, அப்போது, உங்கள் சமவாய்ப்புக் கொள்கையை எங்கே பார்க்கலாம் என்று கேளுங்கள். எச்.ஆர். முகம் போகும் போக்கிலேயே பாதி பதில் கிடைத்துவிடும்.

கொள்கை இல்லாவிட்டால்? மாநில ஆணையரிடம் புகார் செய்யலாம், அவர் பரிந்துரைப்பார். சட்டத்தை மீறியதற்கு முதல் முறை அபராதம் 10,000 ரூபாய் வரை, அடுத்தடுத்து மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை. பெரிய கம்பெனிக்கு அந்தப் பத்தாயிரம் ஒரு மீட்டிங்கின் சமோசா செலவு. ஆகவே தனியாரில் சட்டத்தை நம்பி உள்ளே போகாதீர்கள், எழுத்தில் வாங்கிய வாக்கை நம்பிப் போங்கள்.

எப்படி எழுத்தில் வாங்குவது? ஆஃபர் லெட்டர் வந்தபிறகு, சேர்வதற்கு முன், ஒரு சின்ன மெயில். அந்த இடைவெளியில்தான் நமக்குப் பேரம் பேசும் பலம் அதிகம், அவர்களுக்கு நீங்கள் வேண்டும் என்று முடிவாகிவிட்டது, நீங்கள் இன்னும் சம்மதிக்கவில்லை. பொத்தாம் பொதுவாக ‘மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகள் தேவை’ என்று எழுதினால் அவர்களுக்கு என்ன செய்வதென்றே தெரியாது. ‘தரைத்தளத்திலோ லிஃப்ட் நிற்கும் தளத்திலோ சீட், அதே தளத்தில் மேற்கத்தியக் கழிவறை, மழை நாளில் ஒரு மணி நேரம் தாமதம்’ என்று மூன்று வரி எழுதினால் தலையாட்டிவிடுவார்கள். பெரும்பாலும் காசு அதிகம் செலவாகாத விஷயங்கள்தான் நாம் கேட்பவை.

குறைபாட்டை எப்போது சொல்வது என்று எப்போதும் ஒரு சண்டை நடக்கும். என் கருத்து: பார்த்தால் தெரிவது என்றால் இன்டர்வியூ நேரம் குறிக்கும்போதே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் மூன்றாம் மாடியில் மூச்சு வாங்கிக்கொண்டு முதல் கேள்விக்குப் பதில் சொல்வீர்கள். பார்த்தால் தெரியாதது, அதாவது வலிப்பு, மனநலம், ஒரு காது மட்டும் மந்தம் போன்றவை என்றால் ஆஃபருக்குப் பிறகு, அதுவும் வேலைக்கு எது தேவையோ அதை மட்டும். எதிர்க்கருத்து உள்ளவர்கள் இருக்கிறார்கள், மறைத்துச் சேர்ந்தான் என்ற பேச்சு வரும் என்பார்கள். வரலாம். ஆனால் முதல் வரியிலேயே எழுதி, கூப்பிடாமலே விட்ட விண்ணப்பங்கள் என்னிடம் ஒரு கட்டு இருந்தது.

நான் வேலை பார்த்த கம்பெனி நல்ல கம்பெனிதான். லிஃப்ட் இருந்தது, சீட் நன்றாக இருந்தது, சம்பளம் ஒன்றாம் தேதி வந்துவிடும். கேன்டீன் மட்டும் பின்பக்கம், ஏழு படி கீழே, கைப்பிடி இல்லாமல். நாலு மணிக்கு எல்லோரும் டீக்கு இறங்குவார்கள். எனக்கு ஒருவர் டீயை மேலே கொண்டுவந்து தருவார், ஒரு நாள்கூடத் தவறியதில்லை, இன்றும் அவரை நினைத்துக்கொள்வேன். ஆனால் அந்த இருபது நிமிஷத்தில்தான் புது புராஜெக்டுக்கு யார் போவது, யாருக்கு லீவு, மேனேஜர் எந்த மனநிலையில் இருக்கிறார் எல்லாம் கீழே முடிவாகும். எனக்கு டீ வந்தது, பேச்சு வரவில்லை. ஒன்றரை வருஷம் கழித்து என் கூடச் சேர்ந்த மூன்று பேருக்கும் பதவி உயர்வு வந்தபிறகுதான் அந்த ஏழு படியின் விலை எனக்குப் புரிந்தது. கைப்பிடி வேண்டும் என்று நான் இரண்டு தடவை எழுதிக் கொடுத்திருக்கிறேன். முழங்கால் அறுவை செய்துகொண்டு கம்பூன்றி ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளர் வந்தார். ஒரே வாரத்தில் கைப்பிடியும் வந்தது, சரிவுப்பாதையும் வந்தது.

ஒருவரைச் சேர்த்துக்கொள்வது என்றால் சீட் கொடுப்பதல்ல, அந்த டீ மேஜையில் இடம் கொடுப்பது. பார்வையற்ற நண்பருக்கு இதுவே வேறு மாதிரி. அவருடைய திரைவாசிப்பான், அதாவது திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் மென்பொருள், வேர்டைப் படிக்கும், மெயிலைப் படிக்கும், என்விடிஏ என்ற அந்த மென்பொருள் இலவசம் என்பதால் கம்பெனிக்கு ஒரு பைசா செலவில்லை, ஆனால் வருகைப்பதிவு போடும் உள் மென்பொருளில் பொத்தான்களுக்குப் பெயரே வைக்கவில்லை, ‘பொத்தான், பொத்தான், பொத்தான்’ என்றுதான் காதில் விழும். தினமும் பக்கத்து சீட்காரரைக் கூப்பிட்டுத்தான் வருகை போட வேண்டும். அவர் லீவு போட்டால் இவரும் லீவு. காது கேளாதவர்களுக்கு மீட்டிங்தான் சுவர். ஆறு பேர் ஒரே நேரத்தில் பேசினால் எந்த உதட்டைப் பார்ப்பது? திரையில் எழுத்து ஓடவிடும் வசதி இப்போது பெரும்பாலான காணொளிச் செயலிகளில் இருக்கிறது, அதை அமுக்க ஒருவருக்கு ஞாபகம் இருக்க வேண்டும், அவ்வளவே.

இன்னொன்று, டிசம்பர் 3. மாற்றுத்திறனாளிகள் தினத்தன்று மட்டும் உங்களை முன்வரிசையில் நிறுத்திப் படம் எடுக்கிறார்கள் என்றால், போன வருஷம் படத்தில் இருந்தவர்கள் இப்போது எங்கே என்று விசாரியுங்கள்.

நல்ல பக்கமும் சொல்ல வேண்டும். நுழைவது வேகம். திறமை இருந்தால் ஏறுவதும் வேகம். குழுக் காப்பீடு இருந்தால் அது தனியாகவே பெரிய விஷயம், நாம் தனியாக மருத்துவக் காப்பீடு எடுக்கப் போனால் எத்தனை கேள்வி கேட்பார்கள் என்று போனவர்களுக்குத் தெரியும். இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்கான சம்பள உச்சவரம்பு மற்றவர்களுக்கு 21,000, நமக்கு 25,000, ஆகவே சின்னச் சம்பள உயர்வில் அது கைவிட்டுப் போகாது. நிறைய முதலாளிகளுக்கே இது தெரியாது, நீங்களே எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

வீட்டிலிருந்தே வேலை என்றால்? போக்குவரத்துச் செலவு ஒரே அடியில் போய்விடும், நகர முடியாதவர்களுக்கு அது வரம்தான். ஆனால் என் ஏழு படி அங்கே எழுபது படி ஆகிவிடும். வாரத்தில் ஒரு நாளாவது போக முடிந்தால் போங்கள்.

யாருக்கு இது சரி: உடல்நிலை ஓரளவு நிலையாக இருப்பவர்கள், கையில் விற்கக்கூடிய திறமை உள்ளவர்கள், வீட்டில் உடனடியாகப் பணம் தேவைப்படுபவர்கள். கேட்டு வாங்கக் கூச்சப்படாதவர்கள் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## சொந்தத் தொழில்

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம், எல்லோரும் பி.எம்.இ.ஜி.பி. என்பார்கள். உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை திட்ட மதிப்பு இருக்கலாம். மாற்றுத்திறனாளிகள் கையிலிருந்து 5 சதவீதம் போட்டால் போதும், மானியம் நகரத்தில் 25, கிராமத்தில் 35 சதவீதம். கேட்க இனிக்கிறது. ஆனால் அந்த மானியம் உங்கள் கைக்கு வராது, மூன்று வருஷம் வங்கியில் வைப்பாகக் கிடக்கும், தொழில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பார்த்தபிறகுதான் கடனில் கழிப்பார்கள். நடுவில் கடை மூடினால் அதுவும் போச்சு. மாற்றுத்திறனாளிகளுக்கென்றே தேசிய நிதி மேம்பாட்டுக் கழகம் ஒன்று 1997லிருந்து இருக்கிறது, வட்டி குறைவு. ஆவின் பாலகம் வைக்க இடம் கேட்டுத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுவோடு நிற்கும் நம் ஆட்களை எந்த மாவட்டத்திலும் பார்க்கலாம்.

இங்கே செலவு முழுக்க நம் தலையில். ஆஸ்பத்திரியில் பத்து நாள் படுத்தால் கடைக்குப் பூட்டு, வட்டிக்குப் பூட்டு இல்லை. சரக்கு இறக்க, ஏற்ற ஓர் ஆள் வேண்டும், அது பெரும்பாலும் சம்பளம் வாங்காத அம்மாவோ மனைவியோ. அவர்களுக்கும் ஒரு சம்பளம் எழுதிவிட்டு அப்புறம் லாபம் பாருங்கள்.

யாரும் வெளியே சொல்லாத ஒன்று இருக்கிறது. கடன் நம் பெயரில், மானியம் நம் சான்றிதழில், கல்லாவில் உட்காருவது மச்சான். எனக்குத் தெரிந்த ஒரு அக்காவின் பெயரில் ஜெராக்ஸ் கடை இருந்தது. அவர் அந்தக் கடைக்குள் போனதே திறப்பு விழா அன்றுதான், வாசலில் இரண்டு படி. தவணை நின்றபோது வங்கி நோட்டீஸ் மட்டும் சரியாக அவர் வீட்டுக்கு வந்தது. சொந்தத் தொழில் என்று யாராவது சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள்: கடை சாவி யாரிடம், வங்கிக் கணக்கில் கையெழுத்து யாருடையது, கடை வாசலில் எத்தனை படி.

யாருக்கு இது சரி: ஏற்கெனவே ஒரு கைத்தொழிலில் வாடிக்கையாளர்கள் உள்ளவர்கள். தையல், மொபைல் பழுது, கணக்கு எழுதுவது, இப்படி. வேலை கிடைக்கவில்லை என்பதற்காகக் கடை வைப்பது வேறு, அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

தொண்டு நிறுவனப் பயிற்சி மையங்களை நான்காவது வழியாகச் சிலர் கேட்கிறார்கள். தென்காசி ஆய்க்குடியில் 1981லிருந்து நடக்கும் அமர் சேவா சங்கம் போன்ற இடங்களில் பயிற்சி எடுத்தால் நன்மைதான், ஆனால் அதை மேலே உள்ள மூன்றில் ஒன்றுக்குப் போகும் படிக்கட்டாகப் பாருங்கள். மன்னிக்கவும், சரிவுப்பாதையாக.

எதை எடுத்தாலும் சேர்வதற்கு முன் இரண்டு வேலை. யூ.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் பெயரும் சதவீதமும் மற்றச் சான்றுகளோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள், ஓர் எழுத்து மாறினாலும் அலைய விடுவார்கள். மாத உதவித்தொகை வாங்குபவராக இருந்தால், சம்பளம் வந்தபின் அது என்ன ஆகும் என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

## அந்தத் தங்கைக்கு நான் சொன்னது

கம்பெனியில் சேர், குரூப் 4 விண்ணப்பத்தையும் போடு, மாமாவுக்கு நன்றி சொல் என்றேன். அவருடைய கேட்கும் திறன் பல வருஷமாக ஒரே நிலையில் இருக்கிறது, ஆபீஸ் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரம், படி ஏறுவதில் சிக்கல் இல்லை, ஆகவே கூடுதல் செலவு கம்மி. தேர்வில் அவர் பிரிவுக்கு நூற்றுக்கு ஓர் இடம்தான், அதை நம்பி வேலையை விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர் அப்பாவுக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை, அது அவர் உரிமை.

சேரும் முன் மெயில் போடச் சொன்னேன். இரண்டு நாளில் பதில் வந்திருக்கிறது: "இதுவரை யாரும் எங்களிடம் இப்படிக் கேட்டதில்லை, என்ன வேண்டும் என்று பட்டியல் அனுப்புங்கள்." அவர் அனுப்பிய பட்டியலில் நான்கு வரி. வேலை சொல்லும்போது சாட்டிலும் ஒரு வரி எழுதிவிட வேண்டும். மீட்டிங்கில் எழுத்து ஓட வேண்டும். தீ எச்சரிக்கை மணி அடித்தால் தோளைத் தட்டிச் சொல்ல ஒருவரை நியமிக்க வேண்டும். நான்காவது நான் சொல்லிக் கொடுத்ததல்ல, அவரே எழுதியது: ‘என் சீட் கதவைப் பார்த்த மாதிரி இருக்க வேண்டும், யார் வருகிறார்கள் என்று எனக்குத் தெரியணும்.’